பெயர் சொல்லாத புகார்கள்

அறைக்கு வரும் ஆய்வு மாணவர் முதலில் கேட்பது ஓர் உத்தரவாதம்: என் பெயர் வெளியே வரக்கூடாது. பிறகுதான் குறை.

மும்பை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் இரண்டு கல்விச் செயலர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டப்படிப்புக்கு ஒருவர், முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு ஒருவர். முன்னவரிடம் வருவது தேர்வு, மதிப்பெண் பிரச்னைகள். பின்னவர் பாடு சிக்கலானது. ஆய்வு மாணவரின் எதிர்காலம் பெரும்பாலும் ஒரே பேராசிரியரின் கையெழுத்தில் இருக்கிறது. ஆய்வேட்டின் அத்தியாயத்தை அவர் மாதக்கணக்கில் படிக்காமல் வைத்திருந்தால், எழுத்தில் புகார் தர யாருக்குத் துணிவு வரும்?

எனவே சாமர்த்தியமான செயலர் புகாரை விதியாக மாற்றுகிறார். இன்னாருக்கு நியாயம் வேண்டும் என்று கேட்பதில்லை. எல்லா வழிகாட்டிகளும் இத்தனை வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். புகார் சொன்னவர் தப்பிக்கிறார். பின்னால் வருபவர்களுக்கும் பலன்.

பணம் வேறு விஷயம். அதை முடிவு செய்வது டெல்லி. 25,000 ரூபாயாக இருந்த இளநிலை ஆய்வு உதவித்தொகை 2019இல் 31,000 ஆனது. அடுத்த உயர்வுக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அப்போது 37,000. செயலரால் முடிந்தது மனு அனுப்புவதும், தாமதமாகும் தொகைக்காக அலுவலகப் படியேறுவதும்தான்.

செயலர் ஆய்வு மாணவராக இருந்தால் இன்னொரு சங்கடம். அவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. அவருடைய அத்தியாயமும் யாரோ ஒருவரின் மேஜையில் காத்திருக்கிறது.