விரல் நுனியில் அச்செழுத்து

ஒரு ரூபாய் நாணயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பெரிய எண் புலப்படும்; சுற்றியுள்ள சிறு எழுத்துகள் வெறும் சொரசொரப்பாகவே தோன்றும். இரு புள்ளிகளைத் தனித்தனியாக உணர விரல் நுனிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. இப்பக்கத்து எழுத்தின் உயரமே ஏறத்தாழ அவ்வளவுதான்! போதாக்குறைக்கு, அச்சு மை தாளினின்று மேலெழும்பி நிற்பதுமில்லை.

பிரெய்லிப் புள்ளிகள் இந்த எல்லைக்கு ஏற்ப அமைந்தவை. ஆனால் நூலை யாரேனும் பிரெய்லியில் பெயர்த்துத் தரவேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லின்வில்லின் மகள் கேண்டி சிறு வயதிலேயே பார்வையிழந்தவர். அவருக்காகத் தாயாரே நூல்களைப் பெயர்த்து வந்தார். 1962இல் ஜெர்மனியில், சிறு சுத்தியல்கள் தட்டி இயங்கும் அதிவேக அச்சு எந்திரமொன்றை லின்வில் பார்த்தார். தாளுக்குப் பதிலாக விரலைத் தட்டினால் என்ன? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே ‘ஆப்டகான்’. 1971 முதல் அது விற்பனைக்கு வந்தது.

வலக்கையில் சிறு காமிராவைப் பிடித்து அச்சு வரியின்மேல் நகர்த்த வேண்டும். உள்ளே 24 வரிசை, 6 நிரலாக 144 ஒளி டிரான்சிஸ்டர்கள். இடக்கைச் சுட்டுவிரலின் கீழே அதே ஒழுங்கில் 144 ஊசிகள். கறுப்பு மை விழும் இடத்துக்கு நேரான ஊசி மட்டும் அதிரும். மின்னழுத்தம் தந்தால் வளையும் பீசோ மின் பட்டைகளே ஊசிகளை இயக்குகின்றன.

ஊசி ஏன் அதிர வேண்டும், சும்மா குத்தி நின்றால் போதாதா? போதாது. காலையில் கட்டிய கைக்கடிகாரத்தைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறோம் அல்லவா? மாறாத அழுத்தத்தைத் தோல் விரைவில் புறக்கணித்துவிடும். விநாடிக்குச் சுமார் 230 முறை அதிர்ந்தாலோ நன்றாக உணரும்.

இப்போது ‘ட’ என்ற எழுத்து வருகிறது என்று கொள்வோம். முதலில் ஒரு செங்குத்துக் கோடு விரலைக் கடக்கும். பிறகு அடியில் ஒரு கிடைக்கோடு ஓடி மறையும். பிரெஞ்சோ தமிழோ, ஊசிகளுக்கு மொழி கிடையாது. வர்க்கமூலக் குறி, தொகையீட்டுக் குறி, வரைபடத்தின் வளைகோடு எதுவானாலும் வடிவம் அப்படியே வந்து சேரும். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. தனக்கு வந்த கடிதத்தைப் பிறர் உதவியின்றித் தானே படிக்கலாம் என்பது அதனினும் பெரிது.

நீண்ட பயிற்சி தேவை. வேகமும் பிரெய்லியைவிடக் குறைவு. எழுத்தை அடையாளங்கண்டு வாய்விட்டுப் படிக்கும் கணினிகள் வந்தபின், 1996இல் ஆப்டகான் உற்பத்தி நின்றது. கணினி சொல்லைச் சொல்லும். அச்சொல் தாளில் எப்படி இருக்கிறது என்று விரலுக்குக் காட்டாது. உற்பத்தி நின்ற பின்னும் சிலர் பழைய கருவிகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியது அதனால்தான்.