புதினா மிட்டாயும் பொய்க் குளிரும்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததில் ஐயம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துக் கொடிக்கால்காரர்களுக்கு உண்டான சந்தோஷம் நியாயமானதே. ஆயினும் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், வாய்த் துர்நாற்றத்துக்கு நம் முன்னோர் கண்ட சர்வரோக நிவாரணி இதுவே என்றும், மேல்நாட்டுப் புதினா மிட்டாய் இதன் முன் நில்லாது என்றும் கூடவே எழும் கோஷத்தைச் சற்று நிதானித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தஞ்சைச் சீமைக் கல்யாண மண்டபங்களில் இப்போது தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்திலேயே மிட்டாய்க் கிண்ணமும் வந்துவிட்டது. பந்தியிலிருந்து எழுந்துவரும் பெரியவர் வெற்றிலை சீவலுக்கும், அவருடைய பேரன் மிட்டாய்க்கும் கை நீட்டுகிறார்கள். இருவரும் நாடுவது சுகந்தம். இருவருக்கும் உண்மையில் கிடைப்பது யாது?

சரித்திரத்தை விரைவில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துச் சாக்லேட் வியாபாரியான கிளாரன்ஸ் கிரேன், கோடையில் சரக்கு உருகி வியாபாரம் படுத்துவிடுவதைக் கண்டு, 1912-இல் மருந்து மாத்திரை அடிக்கும் யந்திரத்தில் புதினா மிட்டாய் அடிக்கச் செய்து, நடுவில் துளையும் இட்டு, ‘லைஃப் சேவர்ஸ்’ என்று பெயர் சூட்டினார். மறு ஆண்டே 2,900 டாலருக்கு அந்த உரிமையை எட்வர்ட் நோபிள் என்பவருக்கு விற்றும்விட்டார். நோபிளின் சாதுரியம் முழுவதும் கல்லாப்பெட்டியைச் சுற்றியே இருந்தது: ஐந்து சென்ட் பொட்டலத்தைக் கல்லாவின் அருகே வைத்து, வாடிக்கைக்காரருக்குத் தரும் மீதிச் சில்லறையில் ஐந்து சென்ட் நாணயம் ஒன்று தவறாமல் இருக்கும்படி கடைக்காரர்களைப் பழக்கினார். நம் மளிகைக் கடைக்காரரோ ஒரு படி மேலே போய், நாணயத்தை எடுக்கிற சிரமமே இன்றி மிட்டாயையே சில்லறையாக்கிவிட்டார். இங்கிலாந்தில் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ கம்பெனி 1948-இல் அதே துளையோடு இறக்கிய போலோ, பிற்பாடு நம் பெட்டிக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. பயத்தைப் புட்டியில் அடைத்து விற்ற பெருமை மட்டும் லிஸ்டரின் என்னும் வாய் கொப்புளிக்கும் மருந்துக்கு உரியது. 1879-இல் கிருமிநாசினியாகப் பிறந்த அந்தத் திரவம், 1920-களில், வாய் நாறும் பெண்ணுக்குக் கல்யாணம் நடவாது என்று மிரட்டும் விளம்பரங்களைக்கொண்டே பெருஞ்செல்வம் சேர்த்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். மிட்டாயின் ஜீவன் மெந்தால். உலகின் இயற்கை மெந்தாலில் பெரும்பங்கு, உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கி முதலிய ஜில்லாக்களில் விளையும் புதினாவிலிருந்தே போகிறது. ஜில்லென்று குளிர்கிறதே என்று வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால், மெந்தாலால் உஷ்ணம் குறைந்ததற்கு அடையாளமே இராது. குளிரை உணரும் நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்னும் புரதத்தாலான நுண்வாயில்கள் உண்டு. விஞ்ஞானிகளான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே 2002-இல் இதைக் கண்டறிந்தனர். உஷ்ணத்தையும் ஸ்பரிசத்தையும் உணரும் வாயில்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டனர்.

நம் காவிரிப் படுகையில் மதகைக் காக்கும் லஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வாயின் உஷ்ணமே ஆற்றுநீர்; அளவுகல்லில் ஏறத்தாழ 26 டிகிரியில் ஒரு கோடு; நீர் அதற்குக் கீழே இறங்கினால் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும் என்பது லஸ்கருக்கு இடப்பட்ட உத்தரவு. (ஆற்றில் நீர் குறையும்போது மதகைத் திறப்பது எந்த ஊர் நியாயம் என்று கடைமடை விவசாயி கேட்பார், உவமைக்கு அவ்வளவு சலுகை உண்டு.) ஷட்டர் தூக்கியதும் உள்ளே பாய்பவை சோடியம், கால்சியம் அயனிகள், பாய்ந்தவுடன் குளிர் வந்துவிட்டதென்று மூளைக்குத் தகவல் போகிறது. மெந்தாலோ ஆற்றில் ஒரு சொட்டையும் குறைப்பதில்லை. இரவோடிரவாக வந்து அந்தக் கோட்டை அழித்து, நாலைந்து அங்குலம் மேலே வேறொரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுகிறது. பொழுது விடிந்ததும் லஸ்கர், கரை தொட்டு நீர் ஓடிக்கொண்டிருக்க, புதுக் கோட்டுக்குக் கீழே அது நிற்பதைக் கண்டு கடமை தவறாமல் ஷட்டரைத் தூக்குகிறார். மிட்டாயைச் சுவைத்தபின் வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் பனிக்காற்று புகுந்தாற்போல் இருப்பதும் இதனாலேயே: மூச்சுக் காற்றால் மட்டம் அரை அங்குலம் தாழ்வது நித்தியமும் நடப்பதுதான் என்றாலும், உயர்ந்த கோட்டின் முன் அதுவே பெருவறட்சியாகத் தோன்றி, எல்லா மதகுகளும் ஒருமிக்கத் திறந்துவிடுகின்றன. மிட்டாய்மேல் மிட்டாயாகச் சுவைத்தால், பாய்ந்த கால்சியமே வாயிலை மந்தப்படுத்திவிட, லஸ்கரும் சலித்துத் திண்ணையில் சாய்ந்துவிடுவார். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதித் திறப்புவரை இதை நீட்ட ஆசைதான், பாசனத்துறையினர் கோபித்துக்கொள்வார்கள்.

துர்நாற்றம் பிறக்கும் இடம் வேறு. நாக்கின் பின்பகுதி மேற்பரப்பிலும் பல்லிடுக்கிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புரத மிச்சங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு முதலிய கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. பூண்டின் வாசனையோ ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வெளிவருகிறது. மிட்டாய் உமிழ்நீரைப் பெருக்கிச் சற்றே கழுவிவிடும், தன் மணத்தால் சிறிது நேரம் மூடியும் வைக்கும். அதில் சர்க்கரை இருந்தால் பல்லை அரிக்கும் கிருமிகளுக்கு அதுவே விருந்து.

வெற்றிலையின் நிலை சிறிது மேல். அதிலுள்ள ஹைட்ராக்ஸிசாவிகால் போன்ற பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் வாய்ப் பாக்டீரியாக்களை அடக்கியிருக்கின்றன. ஆனால் கண்ணாடிக் குழாயில் நடந்ததெல்லாம் நாக்கிலும் நடந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. அதோடு தாம்பூலத்தில் வெற்றிலை தனியே வருவதும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேராத பாக்குமே புற்றுநோய் விளைப்பது என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் திட்டமாகச் சொல்லிவிட்டது. புவிசார் குறியீட்டுப் புகழுரைகளில் சீவலைப் பற்றிய இந்த வாக்கியம் இடம்பெறுவதில்லை.

ஆகவே மிட்டாயை மிட்டாயாகத் தின்னுங்கள். வெற்றிலையை விரும்பினால் சீவலும் புகையிலையும் இன்றி மெல்லுங்கள். காலையில் பல் துலக்கும்போது நாக்கையும் வழியுங்கள். இவ்வளவுக்கும் பிறகு நாற்றம் நீங்காவிட்டால், அடுத்த விளம்பரத்துக்குக் காத்திராமல் பல் வைத்தியரிடம் போய் ஈறுகளைக் காட்டுங்கள்.