லினக்சில் பிணைய இடைமுகப் பயனர் கட்டுப்பாடு

லினக்சு இயங்குதளத்தில் ஈத்தர்நெட் அட்டை, வை-ஃபை, இணைய டாங்கிள் முதலிய பிணைய இடைமுகங்களை இயக்குவதும் நிறுத்துவதும் இயல்பாக ரூட் எனப்படும் முதன்மைப் பயனருக்கே உரிய பணிகளாகும். அவ்வுரிமையின் ஒரு பகுதியைப் பொதுப் பயனருக்கு வழங்கும் முறைகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இத்தடைக்குக் காரணம் உண்டு. லினக்சு பலர் ஒருங்கே பயன்படுத்தும் யுனிக்சின் வழிவந்தது. ஒருவர் இடைமுகத்தை நிறுத்தினால், தொலைவிலிருந்து அக்கணினியில் பணிபுரியும் அனைவரின் தொடர்பும் அறுந்துவிடும். ஐபி முகவரியை மாற்றிப் பிறிதொரு கணினியைப் போல் நடிக்கவும் இயலும்.

== தமிழகச் சூழல் ==

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவி வழங்கப்பட்டது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியதாகும். கம்பத்திலோ சின்னமனூரிலோ உள்ள மாணவர் அத்தகைய கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்கையில், உரிமையாளரும் பயனரும் அவரே. ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட் கடவுச்சொல் கேட்டால், அவர் எப்போதும் ரூட்டாகவே உள்நுழையப் பழகிவிடுவார். அது தடையை நீக்குவதினும் தீங்கானது. பள்ளி ஆய்வகக் கணினியோ பலருக்குப் பொதுவானது. அங்கு இதே தளர்வு பொருந்தாது.

== வழிமுறைகள் ==

பழைய ரெட் ஹாட் வழங்கல்களில், இடைமுகத்தின் அமைவுக் கோப்பில் பயனர் கட்டுப்பாட்டுக்குரிய வரியில் 'யெஸ்' என எழுதினால் போதுமானதாக இருந்தது. டெபியனில் தொலைபேசிவழி இணைப்புக்கென 'டிப்' என்னும் பயனர் குழு உள்ளது.

சூடோ வழியாகக் குறிப்பிட்ட கட்டளையை மட்டும் அனுமதிப்பது பரவலான முறை. இதில் மிகுந்த கவனம் தேவை. 'ஐபி' கட்டளையைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால் முழுக் கணினியையும் ஒப்படைத்ததாகும்; ஏனெனில் அதன் 'நெட்என்எஸ் எக்செக்' என்னும் உட்கட்டளை எந்த நிரலையும் ரூட் உரிமையுடன் இயக்கவல்லது. ஆகவே எந்த இடைமுகம், இயக்கவா நிறுத்தவா என்பது வரை கட்டளையை முழுமையாக சூடோ அமைவில் எழுதுதல் வேண்டும்.

இன்றைய மேசைக்கணினிகளில் ரெட் ஹாட் 2004-இல் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் இப்பணியை ஏற்கிறது. அது ரூட் உரிமையுடன் பின்னணியில் இயங்கும். பயனர் கோரிக்கை மட்டுமே விடுப்பார். அதனை ஏற்கலாமா என்பதைப் போல்கிட் முடிவு செய்கிறது. பயனர் யார் என்பதோடு, அவர் திரைமுன் அமர்ந்துள்ளாரா, தொலைவிலிருந்து நுழைந்தாரா என்பதையும் போல்கிட் நோக்கும். வழக்கமான அமைவில், திரைமுன் இருப்பவர் தமக்கென ஓர் இணைப்பைத் தடையின்றிச் சேர்க்கலாம். எல்லாப் பயனருக்கும் பொதுவான இணைப்பை மாற்ற நிருவாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். ஆய்வக நிருவாகிகள் போல்கிட் விதியொன்றை எழுதி முதல் சலுகையையும் நீக்கிவிடலாம்.