பேரேடு ஊரறிய, சாவி யார் கையில்?



பிட்காயின் என்னும் சொல் இப்போது கடைவீதியிலும் காதில் விழுகிறது. ஒரு சாரார் இது தங்கத்துக்கு நிகர் என்கின்றனர். மறு சாரார் சூதாட்டம் என்று ஒதுக்குகின்றனர். வாங்கலாமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. விலை ஏறும், இறங்கும். அதை முன்கூட்டி அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் எந்தச் சரக்கில் கை வைத்தாலும் வியாபாரி கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. சரக்கு யார் பொறுப்பில் இருக்கிறது? கணக்கை யார் யார் பார்க்க முடியும்? காணாமற்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இம்மூன்று கேள்விகளுக்கும் பிட்காயின் தரும் பதில் வேறு. நாம் வங்கியில் கண்டு பழகிய பதில் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள் பட்ட பாடு உலகறிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் நாளை இதில் இறங்கும் முன், பெரியவர்களாகிய நாமும் இதன் நடைமுறையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அழித்து எழுத முடியாத பேரேடு

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 9 பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. இடையில் வங்கி எதுவும் இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழி அதில் விளக்கப்பட்டிருந்தது. 2009 ஜனவரி 3 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றி இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

பெயரில் காயின் என்று இருந்தாலும் கையில் எடுத்துப் பார்க்க நாணயம் எதுவும் இல்லை. இருப்பது ஒரு பேரேடு மட்டுமே. நம் கடைப் பேரேடு கணக்குப்பிள்ளையின் மேசையில் இருக்கும். வங்கியின் பேரேடு வங்கியில் இருக்கும். பிட்காயின் பேரேட்டின் பிரதியோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே மாதிரியாக இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவரை வந்த பற்று வரவுகளைத் தொகுத்துப் புதிய பக்கம் ஒன்று சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் கைரேகை போன்ற ஓர் எண் பதியப்படும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அந்தக் கைரேகை மாறிவிடும்; அதன் பின்வந்த பக்கங்கள் எவையும் பொருந்தா. எனவே முன்தேதியிட்டு எழுதுவதோ, அடித்துத் திருத்துவதோ இங்கே நடவாது.

பக்கம் சேர்க்கும் வேலைக்குக் கணிப்பொறிகள் தம்முள் போட்டியிடுகின்றன. வெல்பவருக்குக் கூலி, புதிதாகப் பிறக்கும் பிட்காயின். தொடக்கத்தில் பக்கம் ஒன்றுக்கு 50 ஆக இருந்த கூலி, ஏறத்தாழ 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் வெளிவராது என்பது திட்டத்திலேயே எழுதப்பட்ட விதி.

சாவியே சொத்து

பேரேட்டில் ஆள் பெயர் இராது. எழுத்தும் எண்ணும் கலந்த முகவரிதான் இருக்கும். அந்த முகவரியில் உள்ள இருப்பை வேறிடத்துக்கு மாற்ற ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி என்பதும் ஒரு மிகப் பெரிய எண்ணே. மனிதர் எழுதி வைத்துக்கொள்ள வசதியாக அதை 12 அல்லது 24 சொற்களாகத் தருவார்கள். 2,048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றிலிருந்து அவை எடுக்கப்படும்.

அந்தச் சொற்களை வைத்திருப்பவர் எவரோ அவரே உரிமையாளர். பேரேடு ஆளைக் கேட்காது, சாவியை மட்டுமே கேட்கும். செக் காணாமற்போனால் பணம் கொடுக்க வேண்டாமென்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கிறோம். பாஸ் புத்தகம் தொலைந்தால் வேறு வாங்குகிறோம். இங்கே எழுதிக் கொடுக்க மேலாளர் இல்லை. பதிவாகி உறுதியான அனுப்புகையைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஒருவர், தம் சாவி இருந்த கணிப்பொறி வட்டு 2013 இல் குப்பையோடு போய்விட்டதாகவும், அதில் சுமார் 8,000 பிட்காயின் இருந்ததாகவும் கூறி, நகராட்சியின் குப்பைக் கிடங்கைத் தோண்ட ஆண்டுக்கணக்கில் அனுமதி கேட்டார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் கணக்கில் உள்ள தொகையைப் பேரேட்டில் யாரும் பார்க்கலாம். எடுக்கத்தான் ஆள் இல்லை.

பிறர் கிடங்கில் வைத்த சரக்கு

சாவியைக் காக்கும் தொல்லை வேண்டாமென்று, வாங்குபவர்களில் பலர் நாணயத்தைச் சந்தை நடத்தும் நிறுவனத்திடமே விட்டு வைக்கிறார்கள். தொலைபேசித் திரையில் இருப்பு தெரிகிறது. தம்மிடம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. நம் கையில் இருப்பது, சரக்கை ஒப்படைத்ததற்கான ரசீதைப் போன்றதே. கிடங்கில் சரக்கு இருக்கும் வரைதான் ரசீதுக்கு மதிப்பு என்பதை வணிகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கியோ நகரின் மவுண்ட் காக்ஸ் கதை இதற்குப் பெரிய பாடம். விளையாட்டுச் சீட்டுகளை மாற்றிக்கொள்ளும் தளத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட பெயர் அது. 2010 இல் அதே பெயரில் பிட்காயின் சந்தை தொடங்கப்பட்டு, 2011 இல் மார்க் கார்பெலஸ் என்பவர் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தையாக வளர்ந்தது. 2014 பிப்ரவரி 7 அன்று நாணயங்களை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டது. அம்மாதம் 28 இல் நிறுவனம் நீதிமன்றத்தில் கைவிரித்தது. வாடிக்கையாளருடையவை சுமார் 7,50,000, தன்னுடையவை சுமார் 1,00,000 ஆக மொத்தம் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றது. பின்னர் பழைய கணக்கு ஒன்றில் 2,00,000 கிடைத்ததாக அறிவித்தது.

திருட்டு ஒரே இரவில் நடந்ததா என்றால், இல்லை. அமெரிக்க நீதித்துறை 2023 இல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, 2011 செப்டம்பரிலேயே அது தொடங்கிவிட்டது. சிறுகச் சிறுகக் குறைந்தது 6,47,000 பிட்காயின் போயிற்று. அத்தனை காலமும் வாடிக்கையாளர் திரையில் இருப்பு குறையாமல் தெரிந்துகொண்டிருந்தது. ஏட்டில் சரக்கு இருந்தது, கிடங்கில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூட்டையை எண்ணிப் பார்க்கும் சிறு மளிகைக் கடைக்காரரிடம் இது நடந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். கணிப்பொறிப் பதிவுகளைத் திரித்த குற்றத்துக்காக 2019 மார்ச்சில் கார்பெலஸுக்கு டோக்கியோ நீதிமன்றம் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. கையாடல் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. திவால் சட்டப்படி, கடன் கொடுத்தோர் பாக்கி 2014 விலையில், அதாவது நாணயம் ஒன்றுக்குச் சுமார் 50,000 யென் என்று முடிவு கட்டப்பட்டது. பின்னர் விலை பன்மடங்கு ஏறியதால், மீந்திருந்த நாணயங்களின் மதிப்பு மொத்தக் கடனையும் தாண்டியது. பழைய விலைப்படி பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பங்குதாரர் எடுத்துக்கொள்ளும் நிலை உருவாயிற்று. கடன் கொடுத்தோர் போராடி, 2018 இல் வழக்கை வேறு சட்டத்தின்கீழ் மாற்றிய பிறகே நாணயமாகவே பெறும் வழி பிறந்தது. அவை கைக்கு வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

அதே 2024 ஜூலையில், 18 ஆம் தேதி, நம் நாட்டின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள பலவகை மெய்நிகர் நாணயங்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் தம் நாணயங்களைப் பல மாதங்கள் எடுக்க இயலவில்லை. இரு இடங்களிலும் பேரேட்டை எவரும் உடைக்கவில்லை. களவு போனது காவலில்தான்.

மறைவு என்பது மயக்கம்

பிட்காயினில் ஆள் தெரியாது, ஆகவே வரவு செலவை மறைக்கலாம் என்று சொல்வோர் உண்டு. இது பெரும் மயக்கம். ஊரறியத் திறந்து வைத்த பேரேடு இது. முகமூடி அணிந்தவர் தெருவில் போகிறார்; அவர் எந்த வழியாக வந்தார், எங்கே போகிறார் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கேனும் ஓரிடத்தில் முகமூடி விலகினால் அவர் முன்பு நடந்த வழி முழுதும் வெளிச்சமாகிவிடும். சந்தை நிறுவனத்தில் அடையாள அட்டை கொடுத்துப் பணமாக மாற்றும் இடமே பெரும்பாலும் அந்த ஓரிடம்.

அமெரிக்காவில் போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்னும் கள்ளச் சந்தையிலிருந்து 2012 இல் ஒருவர் 50,000 க்கும் மேற்பட்ட பிட்காயினைத் திருடினார். திருடனிடம் திருடியதை யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணியிருக்கலாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், அதிகாரிகள் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் வீட்டுக்கு வந்தார்கள். தரைக்கு அடியில் புதைத்த பெட்டகத்திலும், குளியலறை அலமாரியில் சோளப்பொரி டப்பாவுக்குள் வைத்திருந்த சிறு கணிப்பொறியிலும் இருந்து 50,676 பிட்காயின் கைப்பற்றப்பட்டது. அழியாத பேரேடு காத்திருக்கும்.

நேர்மையானவருக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே முகவரியைக் கடையில் எழுதி வைத்து எல்லோரிடமும் பணம் வாங்கினால், நம் வரவு முழுவதையும் போட்டிக் கடைக்காரர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதனால்தான் ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

பூட்டு பலவீனமானால்

பெரிய இடமாயினும் பூட்டு சரியில்லாவிட்டால் பயனில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் எக்ஸ் கணக்கு 2024 ஜனவரி 9 அன்று அயலார் கைக்குப் போயிற்று. பிட்காயின் நிதிப் பங்குகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வெளியாயிற்று. (உண்மையான அனுமதி மறுநாள் வந்தது.) நடந்தது இதுதான்: ஒருவர் போலி அடையாள அட்டையைக் காட்டி, அக்கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணுக்கு வேறு சிம் கார்டு வாங்கிவிட்டார். கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சோதனை கேட்கும் வசதியும் 2023 ஜூலை முதல் அக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது.

2020 ஜூலையில் டுவிட்டர் நிறுவனத்தின் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றி உள்ளே புகுந்தவர்கள், பராக் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றோரின் கணக்குகளில் “பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்” என்று எழுதினார்கள். சில மணி நேரத்தில் 1,18,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. இரட்டிப்பாகத் தருகிறேன் என்பவரை நம்பக் கூடாது என்பது பிட்காயினுக்கு முன்பே நாம் கற்ற பாடம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் பிட்காயின் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. வாங்கி வைத்திருப்பது தடை செய்யப்படவும் இல்லை. வங்கிகள் இத்தொழிலுக்குச் சேவை செய்யக் கூடாது என்று 2018 இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நிதிச் சட்டம் இலாபத்தின் மீது 30 சதவீத வரி விதித்தது. இதில் வரும் நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க இயலாது. அவ்வாண்டு ஜூலை முதல், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட விற்பனைத் தொகையில் 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. 2023 மார்ச் முதல் சந்தை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. கணக்கில் காட்டாமல் வைத்திருக்கலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால், அவரை விட்டு விலகுவதே நலம்.

நாம் செய்ய வேண்டியவை

1. சாவிச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, நகை, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

2. அச்சொற்களைக் கேட்பவர் யாராயினும், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், அவர் திருடரே.

3. குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு அவை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் நம்மோடு அந்தச் சொத்தும் போய்விடும்.

4. சந்தை நிறுவனத்திடம் விட்டு வைத்தால், அது போனால் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டுமே வையுங்கள். கடைமுதலை அதில் போடாதீர்கள்.

5. மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள். இரண்டாவது சோதனையை நிறுத்தாதீர்கள். தொலைபேசியில் திடீரென்று சிக்னல் இல்லாமற்போய் நெடுநேரம் திரும்பாவிட்டால், உடனே வேறு எண்ணிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

இவற்றுள் கடைசியில் சொன்னது பிட்காயின் பக்கமே போகாதவர்களுக்கும் பொருந்தும். இன்று நம் கல்லாவில் பாதி தொலைபேசிக்குள் இருக்கிறது.

இரவு கடையைச் சாத்தும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாம் படியிறங்குகிறோம். புதிய கணக்குகளுக்கும் அந்தப் பழக்கத்தை நீட்டிக்க வேண்டும். பிள்ளைகள் இதுபற்றி வந்து கேட்டால் கோபித்து விரட்ட வேண்டாம். மறைவில் செய்யத்தான் அது வழிவகுக்கும். உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சாவி யாரிடம் இருக்கிறது, தம்பி?” பதில் தெளிவாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால், பணம் இன்னும் சில நாள் வங்கியிலேயே இருக்கட்டும்.