108-ஐ அழுத்தினால் யார் எடுப்பார்?

கூடுவாஞ்சேரியிலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பிரஸ் ஷாப், உதிரிபாகக் கூடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று வரிசை கட்டி நிற்கின்றன. பலவற்றில் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெளிர்நிறப் பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். பில்லில் அதன் பெயர் இ.பி.ஏ.பி.எக்ஸ். மற்றவர்களுக்கு இன்டர்காம் பாக்ஸ். வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று லைன்களை உள்ளே இருபது மேஜைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை.

ஒரு பிரஸ் ஷாப்பில் தொழிலாளியின் கை மெஷினில் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷெட்டுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்ச் சுவரில் இருக்கும் போனில் 108-ஐ அழுத்துகிறார். மணி அடிக்கிறது, ஸ்டோர் ரூமில். சிறிய மாடல்கள் சிலவற்றில் எக்ஸ்டென்ஷன் எண்கள் 101-இல் தொடங்குகின்றன. அப்படியானால் எட்டாவது மேஜைதான் 108. தீயணைப்பு நிலையத்தின் 101 முதல் மேஜையில் ஒலிக்கும். எண்கள் இப்படி மோதாத இடத்திலும் வெளி லைன் கிடைக்க முதலில் 0 அல்லது 9 அழுத்தியாக வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஓட்டல் அறை ஒன்றில் காரி ஹன்ட் என்ற பெண் கணவரால் தாக்கப்பட்டு இறந்தார். அறையில் இருந்த அவருடைய ஒன்பது வயது மகள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே அங்கே அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். ஒரு முறைகூட அழைப்பு வெளியே போகவில்லை. முன்னால் இன்னொரு 9 போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காரியின் தந்தை ஹாங்க் ஹன்ட் விடாமல் போராடினார். 2018 பிப்ரவரி 16 அன்று ‘காரி சட்டம்’ கையெழுத்தானது. அதன்படி 2020 பிப்ரவரி 16 முதல் அங்கே புதிதாக நிறுவப்படும் அலுவலகத் தொலைபேசி அமைப்புகளில், முன்னெண் எதுவும் இல்லாமலே 911 நேராகப் போக வேண்டும். அழைப்பு போனதும் முன்மேஜைக்கோ பாதுகாப்பு அறைக்கோ தகவலும் வர வேண்டும்.

இந்தியாவிலும் இந்தப் பெட்டிக்குச் சட்டம் உண்டு. 2017 செப்டம்பரில் திருத்தப்பட்ட இந்தியத் தந்தி விதிகளின்படி, தொலைத்தொடர்புக் கருவிகளை டி.இ.சி. எனப்படும் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்றிதழ் இல்லாமல் விற்கக் கூடாது. 2019 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த முதல் பட்டியலிலேயே அலுவலக எக்ஸ்சேஞ்ச், கார்ட்லெஸ் போன், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் இருந்தன. கருவி மின்காந்தக் குறுக்கீடு செய்கிறதா, தொடுபவருக்கு ஆபத்து உண்டா என்று ஆய்வகத்தில் சோதித்த பிறகே சான்றிதழ். மின்காந்தச் சோதனைக்கு இந்தப் பகுதியினர் தொலைதூரம் போக வேண்டியதில்லை, தரமணியிலேயே மத்திய அரசின் சமீர் மையம் இருக்கிறது.

பாதுகாப்புச் சோதனை கடுமையானது. தொலைபேசி லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் நிற்கும். மணி அடிக்கையில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரும். பெட்டியின் மறுபக்கம் 230 வோல்ட். தெருவில் டெலிபோன் ஒயரும் மின்கம்பியும் அருகருகே போகின்றன. ஐப்பசி இடிமழையில் பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் அந்த ஒயர் வழியே ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே பாயலாம். அதனால்தான் ஆய்வகத்தில் செயற்கை மின்னல் துடிப்பு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் 10 மைக்ரோ விநாடியில் உச்சம் தொட்டு, 700 மைக்ரோ விநாடியில் பாதியாகும். திசையை மாற்றி மாற்றி, நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துடிப்புகள். மற்ற பாகங்களுக்கு 1,500 வோல்ட் என்றால் ரிசீவருக்கு மட்டும் 2,500 வோல்ட். அதைத்தானே காதோடு வைத்துப் பேசுகிறோம்.

இவ்வளவையும் தாண்டி வந்த பெட்டி சுவரில் ஏறும்போதுதான் கோட்டை விடுகிறோம். உள்ளே இருக்கும் வாயுக்குழாய்க் காப்பான் மின்னலின் வேகத்தை எர்த் ஒயர் வழியே மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். அந்தப் பச்சை ஒயர் எங்கும் மாட்டப்படாமல் சுருட்டிக் கட்டி விடப்பட்டிருந்தால், காப்பான் இருந்தும் பயனில்லை. பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை நிலத்தடியில் சார்னகைட் பாறை. ஏரிக்கரைக் களிமண்ணைப் போல அது மின்சாரத்தை எளிதில் வாங்காது. கோடையில் இன்னும் மோசம். ‘போனுக்குத் தனி எர்த் போட்டாச்சு சார்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் போதாது. தனிக் குழியைக் கட்டடத்தின் மின் எர்த்தோடு இணைக்காவிட்டால், மின்னலின்போது இரண்டுக்கும் இடையே எழும் வோல்ட் வேறுபாடு பெட்டியின் குறுக்கே பாயும்.

இணையம் வழியே இயங்கும் ஐ.பி. போன்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. கிளை கூடுவாஞ்சேரியில், அழைப்பு வெளியேறும் லைன் பெங்களூரு தலைமை அலுவலகத்தில் என்றால், 108 அழைப்பு கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரக்கூடும். தமிழ்நாட்டின் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கூப்பிடுகிற வழியை நம் அலுவலகச் சுவரிலேயே அடைத்து வைத்திருப்பது பெரும் தவறு.

சரிசெய்ய அரை மணி நேர புரோகிராமிங் வேலை போதும். எக்ஸ்டென்ஷன்களை 201-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 100, 101, 108, 112 நான்கும் முன்னெண் இல்லாமல் வெளி லைனுக்குப் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் டி.இ.சி. சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன், எர்த் சோதனை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை டெக்னீஷியன் வரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.