நாற்காலியும் தலைமையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பதவி ஒரு தாளில் வந்து சேர்ந்துவிடுகிறது. நியமன ஆணை கைக்குக் கிடைத்த அன்றே ஒருவர் மேலாளர் ஆகிவிடுகிறார். அறை உண்டு, மேசை உண்டு, மணி அடித்தால் வந்து நிற்க ஆளும் உண்டு. ஆனால் தலைமைப் பண்பு அந்த ஆணையோடு இணைத்து அனுப்பப்படுவதில்லை. அதை அவரே தேடிப் பெற வேண்டும். எங்கே தேடுவது?

விடை எனக்கு முதலில் கிடைத்த இடம் விடுதிச் சமையற்கூடம். சென்ற ஆண்டு நண்பர்கள் என்னை உணவுக்குழுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். செலவைக் குறைத்துப் பெயர் வாங்க ஆசைப்பட்டேன். நாள்தோறும் காய்கறி வாங்கும் வழக்கத்தை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாரம் முழுவதற்கும் சேர்த்து வாங்கச் செய்தேன். புதன்கிழமை தக்காளி அழுகியது. கீரை குப்பைக்குப் போயிற்று. மிச்சமானதைவிட வீணானதே அதிகம். "முன்பே சொல்லியிருக்கலாமே, அண்ணே?" என்று சமையற்காரரைக் கேட்டேன். "நீங்க கேக்கலியே, தம்பி" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிறகு வர்கீஸ் குரியனின் வாழ்க்கையைப் படித்தபோது அதன் பொருள் முழுவதும் விளங்கிற்று.

குரியன் நம்மைப் போல இயற்பியல் மாணவர். சென்னை இலயோலாக் கல்லூரியில் 1940இல் பட்டம் பெற்று, பின்னர் கிண்டியில் பொறியியல் பயின்றவர். அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய அவரை, 1949இல் ஆனந்த் என்னும் சிற்றூரிலிருந்த அரசுப் பால்பண்ணைக்கு அனுப்பினார்கள். இன்றைய குஜராத் மாநிலத்தில் உள்ளது அவ்வூர். அவருக்கு அந்த ஊரும் பிடிக்கவில்லை. அந்த வேலையும் பிடிக்கவில்லை. விடுபட்டுப் போகும் நாளையே எதிர்பார்த்திருந்தார்.

அருகில் கெய்ரா மாவட்ட உழவர்களின் பால் கூட்டுறவு ஒன்றியம் இயங்கி வந்தது. இடைத்தரகர்களின் பிடியிலிருந்து மீள 1946இல் அவர்கள் தொடங்கியது அது. தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர் பால், அவ்வளவுதான். அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பழுதான இயந்திரங்களைப் பார்க்கப் போன குரியன், 1950இல் அதன் மேலாளர் ஆனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. உழவர்களின் மொழி அவர் தாய்மொழியன்று. இத்தகைய புதியவர் எவ்வாறு தலைவரானார்? அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று எனக் கருதுகிறேன்.

முதலாவது, யாருக்காக உழைக்கிறோம் என்ற தெளிவு. தாம் உழவர்களின் ஊழியர் என்றே குரியன் சொல்லி வந்தார். 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்து, ஒரு கிராமத்தில் இரவு தங்கி, இங்கு மட்டும் பால்பண்ணை வெற்றி பெற்றது எதனால் என்று ஆராய்ந்தார். மண்ணிலோ மழையிலோ மாட்டிலோ தனிச்சிறப்பு எதுவும் இல்லை. பண்ணை உழவர்களுக்கே சொந்தம். மேலாளர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வேற்றுமை இதுவே. இம்முறையை நாடெங்கும் பரப்ப 1965இல் தேசியப் பால்வள வாரியம் தோன்றியது.

இரண்டாவது, தம்மைவிட அறிந்தவரை நம்புதல். குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் கறக்கும். விற்றது போக எஞ்சிய பாலை என்ன செய்வது? பொடியாக்கலாம் என்றால், எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறினர். குரியனின் நண்பர் எச். எம். தலாயா இயலும் என்றார். குரியன் அவர் பக்கம் நின்றார். 1955இல் எருமைப் பாலைப் பொடியாக்கும் ஆலை ஆனந்தில் திறக்கப்பட்டது. தலாயாவின் திறமையைத் தம் பெருமைக்குக் குறைவு என்று மேலாளர் எண்ணியிருந்தால் இது நடந்திருக்குமா? ஆளைத் தெரிந்து வேலையை ஒப்படைப்பதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர்.

மூன்றாவது, கணக்கை ஒளிக்காமை. கூட்டுறவு முறையில் காலையும் மாலையும் பாலை அளந்து, தரம் பார்த்து, அதற்கேற்ப விலை தருகிறார்கள். அளவில் ஐயம் வந்தால் சங்கம் நிலைக்காது. இதை நான் எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன். என் தாய் நாள்தோறும் சங்கத்தில் பால் ஊற்றுபவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சீட்டிலுள்ள எண்ணைப் பிறரிடம் கேட்டறியக் கூச்சப்பட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். புதிதாக வந்த செயலாளர் ஒவ்வொருவரின் அளவையும் தரத்தையும் உரக்கப் படித்துச் சொல்லத் தொடங்கினார். அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் அன்று முதல் அந்தச் சங்கத்தை என் தாய் "நம்ம சங்கம்" என்று சொல்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாளை வங்கியிலோ ஆலையிலோ அலுவலகத்திலோ நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். மேசைக்கு எதிரே, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கத் தயங்கி ஒருவர் நிற்பார். அவர் நம் தாயாகவோ தந்தையாகவோ இருந்திருக்கக் கூடியவர். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். நாம் கேட்காதவரை அவர் சொல்லமாட்டார்.

இந்த ஆண்டும் நான் உணவுக்குழுவில் இருக்கிறேன். சந்தைக்குப் புறப்படும் முன் சமையற்கூடத்திற்குள் சென்று, "இன்னிக்கு என்ன வாங்கலாம், அண்ணே?" என்று கேட்டுவிட்டே போகிறேன்.