குறட்டை விடும் குழந்தையும் வலி நீக்கும் மருந்தும்

உறங்கும் குழந்தை குறட்டை விடுவதைக் கண்டு பெற்றோர் நகைப்பதுண்டு. ஆயின் எல்லாக் குறட்டையும் நகைப்புக்குரியதன்று. டான்சில் என்னும் தொண்டைச் சதையும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டுச் சதையும் பருத்துவிட்டால் உறக்கத்தில் மூச்சு செல்லும் வழி அடைபடுகிறது. மூச்சு சில விநாடிகள் நின்று, குழந்தை திணறி, மீண்டும் மூச்சு வாங்கும். இதுவே உறக்க மூச்சடைப்பு நோய். அச்சதைகளை அறுத்து நீக்குவதே இதற்குப் பெரும்பாலும் செய்யப்படும் சிகிச்சை.

அறுவைக்குப் பின் தொண்டை வலி 7 முதல் 10 நாள் வரை நீடிக்கலாம். முன்னர் இவ்வலிக்குக் கோடீன் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அது அபினி இனத்து மருந்து. ஈரல் அதன் ஒரு பகுதியை மார்பினாக மாற்றுவதாலேயே வலி தணிகிறது. பிறவியமைப்பின் காரணமாகச் சிலர் உடலில் இம்மாற்றம் மிக விரைவாக நடைபெறும். அவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். மார்பின், மூச்சை நடத்தும் மூளைப் பகுதியை மந்தமாக்குவது. இரவுதோறும் பிராணவாயுக் குறைவுக்கு ஆளான குழந்தையை அது இன்னும் எளிதில் தாக்கும். அறுவை செய்த அன்றே மூச்சடைப்பு முற்றிலும் நீங்கிவிடுவதுமில்லை, தொண்டை வீங்கியிருக்கும். ஆகவே, குழந்தை அமைதியாக உறங்குகிறது எனத் தாய் எண்ணும் வேளையிலேயே மூச்சு நின்றுவிடக்கூடும்.

இவ்வாறு குழந்தைகள் சிலர் மாண்டனர். அதன்பின் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல், இவ்வறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கொடுக்கலாகாது என எச்சரித்தது. 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு அதனை அறவே விலக்கியது.

அங்ஙனமாயின் வலிக்கு மருந்தே இல்லையா? உண்டு. பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் ஆகிய இரண்டும் மூச்சை மந்தப்படுத்தாமல் வலியைத் தணிப்பவை. இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ கொடுக்கலாம் என்று 2019இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் கழகம் பரிந்துரைத்தது. அறுவையின்போதே செலுத்தப்படும் டெக்சாமெதசோன் வாந்தியையும் வலியையும் குறைக்கும்.

மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவரே கூறவேண்டும். முதற் சில நாள்களில், வலி முற்றும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் கொடுப்பதே நன்று. வலிக்கு அஞ்சி நீர் அருந்தாத குழந்தையின் உடல் வறண்டு வலி மிகும். எனவே சிறுகச் சிறுகக் குளிர்ந்த நீர் கொடுத்தல் வேண்டும். ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. வாயில் இரத்தம் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அனைத்திற்கும் முன்னதாகப் பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. குழந்தை இரவில் எப்படி மூச்சு விடுகிறது என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறிவிடவேண்டும். குறட்டைதானே என்று சொல்லாமல் விடும் செய்தியே உயிர் காக்கும் செய்தியாக இருக்கக்கூடும்.